கை அறிந்ததைத் தாளில் எழுத: போஸ்ட் பேசிக் நர்சிங்கின் இரண்டு வருடங்கள்

வேறு பட்டம் முடித்தவர்களை ஒன்று, ஒன்றரை வருடத்தில் நர்சாக்கும் விரைவுப் படிப்பு அமெரிக்காவில் உண்டு. நம் நாட்டில் அந்தக் குறுக்குவழி இல்லை. பி.காம். முடித்தவர் நர்சாக ஆசைப்பட்டாலும் முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்தவர்களுக்கு இரண்டே வருடத்தில் பட்டம் தருகிற போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் இருக்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் வேலை பார்த்துக்கொண்டே இதற்காகப் பணம் சேர்க்கிற, பிள்ளை பள்ளிக்குப் போகட்டும் என்று காத்திருக்கிற சிஸ்டர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் படிப்பில் முதல் வருடம் அரியர் வைப்பவர்களில் பலர் வார்டில் கெட்டிக்காரர்கள். குழந்தைக்குக் கூட ஒரே குத்தில் வெயின் பிடிப்பார்கள். மானிட்டர் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்வார்கள். ஆனால் ‘ஏன் அப்படிச் செய்தீர்கள்’ என்று தாளில் கேட்டால் நான்கு வரிக்கு மேல் பேனா ஓடாது. ஜி.என்.எம். உங்களுக்குச் செய்யக் கற்றுத் தந்தது. பட்டப்படிப்பு காரணம் கேட்கிறது, அதையும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறது. இதைப் புரிந்துகொண்டு படித்தால் உங்கள் வார்டு அனுபவம் முழுவதும் மதிப்பெண்ணாக மாறும்.

சேரும் முன்

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், ஜி.என்.எம். டிப்ளமோ, மூன்று வருட மதிப்பெண் பட்டியல்கள், கவுன்சில் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றில் உங்கள் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் கலந்தாய்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். வேலையில் இருப்பவர்கள் அனுபவச் சான்றிதழையும் தடையில்லாச் சான்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மேலதிகாரி வாயால் சொன்ன சம்மதம் போதாது.

முதல் வருடம்: எதற்கு எவ்வளவு நேரம்

முதல் வருடத்தில் நர்சிங் ஃபவுண்டேஷன், நியூட்ரிஷன், பயோகெமிஸ்ட்ரியும் பயோபிசிக்ஸும், சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, மெட்டர்னல், சைல்டு ஹெல்த், மெடிக்கல் சர்ஜிக்கல் என்று எட்டுத் தாள்கள் இருக்கும். ஆங்கிலம் தேர்ச்சி பெற்றால் போதும் என்ற வகையில் வரும். இரண்டாம் வருடத்தில் சோஷியாலஜி, கம்யூனிட்டி ஹெல்த், மென்டல் ஹெல்த், எஜுகேஷன், அட்மினிஸ்ட்ரேஷன், ரிசர்ச்சும் ஸ்டாடிஸ்டிக்ஸும் என ஆறு. இதைப் பார்த்தாலே தெரியும், பாரம் முழுக்க முதல் வருடத்தின் தலையில்தான்.

எல்லோரும் செய்கிற தவறு, தெரிந்த மெடிக்கல் சர்ஜிக்கலில் தொடங்குவது. படிக்க சுகமாக இருக்கும், பக்கமும் வேகமாக நகரும். பயோகெமிஸ்ட்ரி புத்தகம் மாடல் எக்ஸாம் வரை பிரிக்கப்படாமலே கிடக்கும். இதைத் திருப்பிப் போடுங்கள். முதல் மூன்று மாதம், படிக்கும் நேரத்தில் பாதியை பயோகெமிஸ்ட்ரிக்கும் மைக்ரோபயாலஜிக்கும் கொடுங்கள். இந்த இரண்டையும் ஒரு வாரத்தில் உருட்டி மனப்பாடம் செய்ய முடியாது. மெட்டர்னலும் சைல்டு ஹெல்த்தும் வார்டு போஸ்டிங்கோடு சேர்ந்தே ஏறிவிடும். சைக்காலஜியும் நியூட்ரிஷனும் கடைசி ஆறு வாரத்தில் அடங்கும்.

தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 50 சதவீதம் வேண்டும். பின்னால் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும் எண்ணம் இருந்தால் 55 சதவீதம் கேட்பார்கள். 51, 52-ல் பட்டம் வாங்கிவிட்டுப் பிறகு வருந்தாமல், 55-ஐ இப்போதே குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஏன்’ நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு வார்டு நாளிலும் நீங்கள் செய்த ஒரே ஒரு காரியத்தை எடுத்து, அதை மூன்று தலைப்பில் எழுதுங்கள்: செய்தது, அதன் காரணம், கவனிக்காவிட்டால் நடப்பது. லேபர் வார்டிலிருந்து ஓர் உதாரணம்.

எக்லாம்ப்சியா (கர்ப்பகால ரத்த அழுத்தத்தோடு வரும் வலிப்பு) வந்த தாய்க்கு மெக்னீசியம் சல்ஃபேட் போடுகிறோம். 50 சதவீத ஆம்பூல் ஒன்றில் 2 மி.லி., அதில் 1 கிராம் மருந்து. முதலில் வெயின் வழியாக 4 கிராம்: நான்கு ஆம்பூல், அதாவது 8 மி.லி., அதோடு 12 மி.லி. டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 20 மி.லி. ஆகும், 20 சதவீதக் கரைசல். இதை மெதுவாகச் செலுத்த வேண்டும். தொடர்ந்து இரண்டு புட்டத்திலும் 5 கிராம் வீதம் தசை ஊசி. அதன் பிறகு 4 மணிக்கொரு தரம் 5 கிராம், மாறி மாறி ஒவ்வொரு பக்கம். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் மூன்று சோதனை: முழங்காலில் தட்டினால் கால் உதறும் ரிஃப்ளெக்ஸ் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறையாமல் வருகிறதா.

இதுவரை ஜி.என்.எம். முடித்த எந்த சிஸ்டருக்கும் தெரியும். பட்டப்படிப்புத் தாள் இதற்கு அடுத்த வரியிலிருந்துதான் மதிப்பெண் போடுகிறது. நரம்பும் தசையும் சேருமிடத்தில் மெக்னீசியம் கால்சியத்தோடு போட்டி போட்டு, தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் வெளிவருவதைக் குறைக்கிறது. ரத்தத்தில் மருந்தின் அளவு கூடும்போது முதலில் முழங்கால் ரிஃப்ளெக்ஸ் போகும். இன்னும் கூடினால் மூச்சுத் தசைகள் தளரும், அதற்கும் மேலே போனால் இதயம் நிற்கும். ஆகவே ரிஃப்ளெக்ஸ் என்பது மூச்சு நிற்பதற்கு முன் கிடைக்கிற எச்சரிக்கை. மெக்னீசியம் வெளியேற சிறுநீரகத்தைத் தவிர வேறு வழியில்லை. சிறுநீர் குறைந்தால், சரியான அளவில் போட்ட மருந்தே உடலில் தேங்கி விஷமாகும். மாற்று மருந்தாக 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. மெதுவாகப் போடுவதும், மெக்னீசியத்தோடு போட்டி போடுவது கால்சியம் என்பதால்தான்.

இந்த ஒரு பத்திக்குள் பயோகெமிஸ்ட்ரி, பார்மகாலஜி, மெட்டர்னல் மூன்றும் இருக்கின்றன. இப்படி ஐம்பது பக்கம் சேர்ந்துவிட்டால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வேறு புத்தகம் தேட வேண்டாம்.

மைக்ரோபயாலஜிக்கும் இதே வழிதான். காயக்கட்டுத் துணி வைக்கும் டிரெஸ்ஸிங் டிரம்மின் ஓட்டைகளைத் திறந்து, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கிறோம், வெளியே எடுத்ததும் மூடுகிறோம். ஏன்? கிருமியைக் கொல்வது அழுத்தம் இல்லை, சூடான நீராவி. பிரஷர் குக்கர் போல, அழுத்தம் ஏறினால்தான் நீராவியின் சூடு 121 டிகிரி செல்சியஸைத் தொடும். டிரம்முக்குள் காற்று தங்கினால் அந்த இடத்தில் சூடு ஏறாது. ஓட்டை மூடியிருந்தால் காற்று வெளியேற வழியில்லை, நீராவி உள்ளே போகவும் வழியில்லை. துணியை இறுக்கித் திணித்தாலும் இதே கதி. 15 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடம் என்ற கணக்கு, 121-ஐத் தொட்ட பிறகு தொடங்குவது. ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுத்தால் அந்தக் கட்டுக்குச் சூடு பட்டது என்று மட்டும் பொருள். உள்ளே உயிர் மிச்சமில்லை என்று உறுதிப்படுத்த சூட்டை எளிதில் தாங்கும் ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் கிருமியின் ஸ்போரை (வித்தை) வைத்துச் செய்யும் சோதனை வேண்டும். தினமும் டிரம் கட்டும் உங்களுக்கு இந்தக் கேள்வியில் மதிப்பெண் போகக் கூடாது.

மருந்துக் கணக்கு

டிரிப் கணக்கு: 500 மி.லி.யை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், செட் மி.லி.க்கு 20 சொட்டு. 500 × 20 ÷ 240 = 41.67, நிமிடத்துக்கு 42 சொட்டு. 60 சொட்டு மைக்ரோ செட்டில் மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, கணக்கே தேவையில்லை. செட்டின் கவரில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்காமல் எப்போதும் 15 என்றோ 20 என்றோ எடுத்துக்கொள்வதுதான் இங்கே நடக்கிற பிழை.

ரத்த அழுத்தத்தை ஏற்றும் டோபமின்: 200 மி.கி. உள்ள 5 மி.லி. ஆம்பூலை மொத்தம் 50 மி.லி.யாக்கினால் மி.லி.க்கு 4 மி.கி., அதாவது 4000 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்றால் நிமிடத்துக்கு 300, மணிக்கு 18,000. அதை 4000-ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மி.லி. இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, நிமிடத்தை மணியாக்க 60-ஆல் பெருக்க மறப்பது. இரண்டு, 45 மி.லி. சலைனில் கலப்பதற்குப் பதில் 50 மி.லி. சலைனில் ஆம்பூலைக் கொட்டுவது. அப்போது மொத்தம் 55 மி.லி. ஆகி, பம்ப் அதே 4.5-ல் ஓடினாலும் நோயாளிக்குப் போவது 5-க்குப் பதில் ஏறக்குறைய 4.5 மைக்ரோகிராம்தான்.

குழந்தைகள் வார்டில் பாரசிட்டமால்: 12 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 180 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி. இருந்தால் 3.6 மி.லி.; 125 மி.கி. இருந்தால் 7.2 மி.லி. பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகும். எத்தனை மி.லி. என்று மட்டும் தாயிடம் சொல்லி அனுப்பக் கூடாது; பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

தினம் ஐந்து கணக்கு, அலகுகளையும் எழுதியே போடுங்கள். மனக்கணக்கில் சரியாக வருகிறவர்கள்கூட வழியைத் தாளில் காட்டாமல் மதிப்பெண் இழக்கிறார்கள்.

கேஸ் ஸ்டடியும் கேர் பிளானும்

கேஸ் எடுக்கும்போது அரிதான வியாதியைத் தேடி அலைய வேண்டாம். நம் பக்கம் மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் காய்ச்சல் வார்டுக்கு ஸ்க்ரப் டைஃபஸ் வரும். ஒரு நர்ஸ் எடுப்பதற்கு இதைவிட நல்ல கேஸ் கிடையாது. புதரில் இருக்கும் சிறு உண்ணியின் இளம்பருவம் கடித்த இடத்தில் எஸ்கார் என்கிற கறுத்த பொருக்கு, சிகரெட் சுட்ட தழும்பு போல இருக்கும். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி, புடவையும் பாவாடையும் இறுக்கும் இடுப்பு ஆகியவற்றை ஸ்பஞ்ச் பாத் கொடுக்கிற நர்ஸ்தான் முழுதாகப் பார்க்கிறார். அங்கே கண்டதை உடனே டாக்டரிடம் சொன்னால் டாக்சிசைக்ளின் சீக்கிரம் தொடங்கும். இதை அப்படியே அசெஸ்மென்ட் பகுதியில் எழுதுங்கள்.

கேர் பிளானில் மதிப்பெண் குறையக் காரணங்கள் பெரும்பாலும் இரண்டே. டாக்டரின் டயக்னோசிஸை நர்சிங் டயக்னோசிஸ் இடத்தில் எழுதுவது முதலாவது. ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ என்பது வியாதியின் பெயர். ‘ஹைபர்தெர்மியா ரிலேட்டட் டு இன்ஃபெக்ஷன், ஆஸ் எவிடென்ஸ்டு பை டெம்பரேச்சர் 103 டிகிரி ஃபாரன்ஹீட், ட்ரை ஸ்கின்’ என்பது நர்சிங் டயக்னோசிஸ். அடுத்தது, எவாலுவேஷனில் ‘பேஷன்ட் கண்டிஷன் இம்ப்ரூவ்டு’ என்று ஒரு வரியில் முடிப்பது. கோலில், அதாவது இலக்கில், ‘4 மணி நேரத்தில் 100 டிகிரிக்குக் கீழ்’ என்று எழுதியிருந்தால், எவாலுவேஷனில் காலை 10-க்கு எவ்வளவு, மதியம் 2-க்கு எவ்வளவு என்று எண்தான் வர வேண்டும். கோலில் எண் இல்லையென்றால் எவாலுவேஷனில் எழுத எதுவும் இருக்காது.

ரெக்கார்டை அன்றன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்தால் பல்ஸும் பி.பி.யும் கற்பனையில் வரும், அதைப் படிக்கிற மேடத்துக்கு அது உடனே தெரியும்.

செய்முறைத் தேர்வு

அனுபவசாலிகள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. நாற்பது நோயாளிக்கு இரண்டு பேர் என்று ஓடி ஓடிப் பழகிய கை சில படிகளைத் தாண்டிவிடும். எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், அந்தப் படிகளைத்தான் பார்ப்பார். நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேஸ் ஷீட்டோடு ஒப்பிடுவது, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்குவது, ஸ்க்ரீன் போடுவது, கை கழுவுவது, ஊசி போட்ட பிறகு மூடியைத் திரும்ப மாட்டாமல் ஊசிக்குழாயை நேராகப் பஞ்சர் ப்ரூஃப் டப்பாவில் போடுவது. ஊசி குத்திக்கொள்வது பல நேரம் மூடியைத் திரும்ப மாட்டும் அந்த ஒரு நொடியில்தான். பரீட்சைக்காக மட்டும் பழகினால் பதற்றத்தில் பழைய பழக்கமே வரும். ஆகவே தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்து வார்டிலும் எல்லாப் படிகளையும் செய்யுங்கள்.

பாம்புக்கடி கேஸ் வந்தால் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையைக் கேட்பார்கள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் புதிய ரத்தம் 2 மி.லி., அசைக்காமல் 20 நிமிடம், பிறகு ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ, விஷமே ஏறாதவரின் ரத்தம்கூட உறையாமல் நின்று நம்மை ஏமாற்றும். குழாய் எது என்ற இந்த விவரத்தைச் சொன்னால் எக்ஸ்டர்னல் தலையாட்டுவார்.

மழைக்காலமும் இரண்டாம் வருடமும்

ஒவ்வொரு பாடத்துக்கும் வகுப்பிலும் செய்முறையிலும் 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். பட்டம் கைக்கு வருமுன் செய்முறை நேரம் முழுவதும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். நம் கரையில் அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என இரண்டு புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. கடலூரில் பெண்ணையாறும் கெடிலமும் பெருகினால் பஸ் ஓடாது. ஆகவே லீவையெல்லாம் ஜூலை, ஆகஸ்டிலேயே கல்யாணம் காதுகுத்து என்று செலவழித்துவிடாமல், மழைக்கும் பிள்ளையின் காய்ச்சலுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

ரிசர்ச் புராஜெக்டுக்கும் இதே கணக்கு. தலைப்பு, எதிக்ஸ் கமிட்டி அனுமதி, தகவல் சேகரிக்கும் கருவியை (கேள்விப் பட்டியல் போன்றதை) நிபுணர்களிடம் காட்டுவது, முன்னோட்டம், பிறகு தகவல் சேகரிப்பு. பாகூர், வில்லியனூர் பக்கமோ தேவனாம்பட்டினம் மீனவர் வீடுகளிலோ தகவல் சேகரிப்பதாக இருந்தால் மழைக்கு முன் முடியுங்கள். அனுமதிக் கடிதம்தான் நாளைத் தின்னும், அதை முதலில் கொடுங்கள். தகவல் சேகரிக்க வீடுகளுக்குப் போகும்போது பையைத் தரையில் வைக்காமல் செய்தித்தாள் விரித்து வைப்பது, பைக்குள் கை விடுமுன் கை கழுவுவது, சார்ட்டை லேமினேட் செய்துகொள்வது ஆகியவற்றையும் மறக்க வேண்டாம்.

ஸ்டாடிஸ்டிக்ஸைக் கண்டு பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஐந்து தாய்மார்களின் மதிப்பெண் 8, 10, 11, 12, 14 என்றால் கூட்டல் 55, சராசரி 11. சராசரியிலிருந்து விலகல் –3, –1, 0, 1, 3. வர்க்கம் 9, 1, 0, 1, 9, கூட்டினால் 20. இவர்கள் ஒரு மாதிரிக் குழு என்பதால் 5-ஆல் வகுக்காமல் 4-ஆல் வகுத்தால் 5. அதன் வர்க்கமூலம் 2.24. இதுதான் ஸ்டாண்டர்டு டீவியேஷன். ஐந்து எண்ணில் பத்து முறை போட்டுப் பழகிவிட்டால் ஐம்பது எண்ணும் அதே வேலைதான்.

நைட் டூட்டி, பஸ், ஆங்கிலம்

குடும்பத்துக்காகத் தனியார் மருத்துவமனையில் நைட் பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் உண்டு. அந்த நெருக்கடி உண்மையானது, வேண்டாம் என்று சொல்வது சுலபமில்லை. பார்த்தே ஆக வேண்டுமென்றால் சனிக்கிழமை இரவு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க விழித்துவிட்டுக் காலை போஸ்டிங்கில் மருந்து கலப்பது நோயாளிக்கு ஆபத்து.

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் தினமும் போய் வருபவர்களுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரமாவது போகும். ஓடுகிற பஸ்ஸில் புத்தகம் படித்தால் தலை சுற்றும். உங்கள் ‘ஏன்’ நோட்டை நீங்களே வாசித்துப் போனில் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே வாருங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்காகக் கூச வேண்டியதில்லை. நீங்கள் தினம் எழுதும் நர்சஸ் நோட்ஸ் ஆங்கிலம்தான். நோட்ஸில் எழுதுவது போலவே சின்னச் சின்ன வாக்கியங்கள், ஒன்றில் ஒரு செய்தி. தினம் ஐந்து வரி சொந்தமாக எழுதுங்கள். கைடிலிருந்து எடுத்து எழுதுவது கணக்கில் சேராது.

மூன்று மணி நேரத் தாள்

75 மதிப்பெண் தாளில் இரண்டு 15, ஐந்து 5, பத்து 2 என்று பிரித்திருந்தால் நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பெரிய விடைக்கு 35 நிமிடம், ஐந்து மதிப்பெண்ணுக்கு 11 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 4 நிமிடம். மொத்தம் 165 போக, கடைசி 15 நிமிடம் விட்டதை நிரப்பவும் எண் சரிபார்க்கவும். நன்றாகத் தெரிந்த பெரிய கேள்விக்கு ஒரு மணி நேரம் எழுதிவிட்டு, பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகளை அரை மணியில் கிறுக்குவதுதான் வழக்கமாக நடப்பது. 15 மதிப்பெண் விடைக்கு ஆறாவது பக்கம் புதிதாக எதையும் சேர்க்காது. வரையறை, காரணம், நோய் வளரும் வழியைக் காட்டும் ஒரு அம்புக்குறிப் படம், மருத்துவம் சுருக்கமாக, நர்சிங் பராமரிப்பு விரிவாக. இந்தக் கடைசிப் பகுதிக்கே பாதி இடம் கொடுங்கள், ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில் அதன் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். படத்துக்குப் பென்சில் போதும், கலர் பேனா தேவையில்லை.

முடிவு வந்ததும் பட்டச் சான்றிதழோடு கவுன்சிலில் கூடுதல் தகுதியைப் பதிவு செய்துவிடுங்கள். அரசு வேலை விண்ணப்பமோ எம்.எஸ்சி. சேர்க்கையோ வரும்போது முதலில் கேட்கப்படும் தாள்களில் அதுவும் ஒன்று.